ஓரம் இல்லாத சாலை



ஆண்டு மலருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை, கல்வியின் சிறப்பைப் பற்றியோ ஒழுக்கத்தின் மேன்மையைப் பற்றியோ அமைவது வழக்கம். சென்ற ஆண்டுகளில் நானும் அவ்வாறே எழுதி வந்திருக்கிறேன். இம்முறை பள்ளியின் வாயிற்படிக்கு உள்ளே நடப்பதைப் பற்றி எழுதாமல், அவ்வாயிற்படிக்கு நம் பிள்ளைகள் வந்து சேரும் வழியைப் பற்றி எழுத விரும்புகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

2023ஆம் ஆண்டு, தைப்பூச விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் சிறிய சைக்கிளில் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள். பொழுது இன்னும் விடியவில்லை. செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரி ஒன்று, பெரிய வளைவைத் தாண்டி எதிரே வந்தது. விளக்கொளி கண்ணைப் பறிக்கவே, அவள் சைக்கிளை இடப்பக்கமாக ஒதுக்கினாள். மழையில் அரித்துப் போயிருந்த மண் சரிந்தது. பிள்ளை சைக்கிளோடு கால்வாயில் விழுந்தாள். லோரி அவள்மீது படவில்லை. ஓட்டுநரே இறங்கி ஓடிவந்து, அவளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார். அவர்மீது பழி சுமத்த இதை நான் எழுதவில்லை.

பிள்ளைக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது. அன்று மாலை மருத்துவமனைக்குச் சென்றேன். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவள், என்னைக் கண்டதும் அழத் தொடங்கினாள். வலியால் அழுகிறாள் என்று எண்ணினேன். அவள் சொன்னது வேறு.

“ஐயா, நான் ஓரமாகத்தான் போனேன், ஐயா.”

நான் அவளைக் கண்டிக்க வந்திருப்பதாக அந்தப் பிள்ளை நினைத்துவிட்டாள். வாரந்தோறும் சபைக்கூடலில் “சாலையில் ஓரமாகப் போங்கள்” என்று முழங்கியவன் நான் அல்லவா? அதை மீறவில்லை என்று என்னிடம் நிரூபிக்க முயன்றாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என்னால் எதுவும் பேச இயலவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, கையில் விளக்கோடு அந்த வளைவுக்கு நடந்து சென்றேன். இத்தனை ஆண்டுகளாக மோட்டார் வண்டியில் கடந்து சென்ற இடத்தை அன்றுதான் கால்களால் அறிந்தேன். ஒரு பக்கம் செம்பனை மட்டைகள் சாலைக்குள்ளேயே சாய்ந்திருந்தன. மறுபக்கம் சாலை முடிந்த இடத்திலேயே கால்வாய் தொடங்கியது. ஓரம் என்று சொல்வதற்கு ஓரடி நிலம்கூட அங்கே இல்லை. இல்லாத ஓரத்தில் போகும்படியே நான் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறி வந்திருக்கிறேன்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். “நாங்களும் நடந்துதான் படித்தோம், எங்களுக்கு என்ன ஆயிற்று?” என்று பெற்றோர் சிலர் இன்று கேட்கும்போது, அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால், அன்றைய பாதை வேறு, இன்றைய பாதை வேறு. அன்று இரப்பர்த் தோட்டத்தில் மரங்களின் கீழே வெளி திறந்து கிடக்கும். நெடுந்தூரத்தில் வருபவரையும் காணலாம். சாலையில் எப்போதாவது ஒரு வண்டி வரும். இரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, மட்டைகள் தாழ்ந்து வளைவுகளை மறைக்கின்றன. குலைகளை அறுத்தால் காலம் தாழ்த்தாமல் ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே லோரிகள் அதிகாலையிலேயே ஓடத் தொடங்குகின்றன.

இன்னொரு மாற்றத்தையும் நம்மில் பலர் மறந்துவிட்டோம். நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களோடு நேரம் ஒன்றாயிற்று. கடிகாரம் மாறியது, சூரியன் மாறவில்லை. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நம் பேராக் மாநிலத்தில் காலை 7.20க்குப் பிறகே சூரியன் உதிக்கிறது. பள்ளி மணி 7.30க்கு அடிக்கிறது. தொலைவிலுள்ள லயத்துப் பிள்ளை 6.45க்குப் புறப்பட்டால், பாதி வழியை இருட்டிலேயே நடந்தாக வேண்டும்.

அவ்விருட்டில் பிள்ளையை எவ்வாறு காண்பது? பெண் பிள்ளைகளின் மேலங்கி கருநீலம். 2021ஆம் ஆண்டு முதல் காலணியும் காலுறையும் கறுப்பு. வெள்ளைக் காலணியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய தாய்மார்களுக்கு இது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால், லோரியின் விளக்கில் முன்பு பளிச்சென்று தெரிந்த அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இப்போது இல்லை.

இவற்றையெல்லாம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எடுத்துரைத்தேன். அறிவுரையை நிறுத்திவிட்டு முதலில் பாதையை அறிவோம் என்று முடிவாயிற்று. பெரியவர்களைக் கேட்பதற்கு முன், நடக்கிறவர்களைக் கேட்பதே முறை அல்லவா? எனவே ஓவியப் பாட வேளையில், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை ஒவ்வொரு மாணவரும் வரையும்படி கேட்டுக்கொண்டோம். அச்சம் தரும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னோம்.

பெருஞ்சாலையைக் கடக்கும் இடத்தையே எல்லாரும் குறிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அதுவும் இருந்தது. ஆனால், எனக்குத் தெரியாத இடங்கள் பல சிவந்திருந்தன. பழைய ஸ்டோர் அருகே கட்டவிழ்ந்து திரியும் நாய்கள். கால்வாயின்மீது போட்டிருந்த ஒற்றைப் பலகை. மழை பெய்தால் எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் நீர் தேங்கும் பள்ளம். மாலையில் குடித்துவிட்டு ஆட்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணை. இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டு வாசலிலேயே சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். காரணம் கேட்டதற்கு, “அம்மா பிரட்டுக்குப் போய்விடுவார். நான்தான் பூட்டிவிட்டு வரவேண்டும். அப்போது யாரும் இருக்கமாட்டார்கள்” என்றாள். அந்தப் படத்தை இன்றும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

படங்களையெல்லாம் ஒரு பெரிய தாளில் ஒன்றுசேர்த்தோம். பிறகு ஒரு சனிக்கிழமை காலை, பெற்றோர் சிலரும் ஆசிரியர்களும் தோட்ட நிர்வாகியும் ஒன்றாக அந்தப் பாதை முழுவதையும் நடந்து பார்த்தோம். நிர்வாகியை நடக்கச் செய்ததுதான் பெரிய வெற்றி. ஒற்றைப் பலகையின்மீது அவரும் ஒருமுறை நடந்து காட்டினார். அதன்பின் அதைப் பற்றி நாங்கள் வாதிடத் தேவை ஏற்படவில்லை.

வளைவில் மட்டைகள் கழிக்கப்பட்டன. கால்வாய்க்கு அப்பால், செம்பனை வரிசையை ஒட்டி, இரு பிள்ளைகள் இணையாக நடக்கும் அகலத்தில் ஒரு நடைபாதையைக் கூட்டுப்பணியில் அமைத்தோம். கல்லும் மண்ணும் தோட்டம் தந்தது, உழைப்பை நாம் தந்தோம். பலகை இருந்த இடத்தில் கைப்பிடியுள்ள சிறு பாலம் வந்தது. காலை 6.45 முதல் 7.30 வரை லோரிகள் அந்தச் சாலையில் செல்வதில்லை என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. ஒரு காசும் செலவில்லாத இந்த ஏற்பாடுதான் எல்லாவற்றிலும் பயன் மிக்கது என்று கருதுகிறேன்.

மற்ற நேரங்களில் லோரிகள் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று பலகை வைத்தோம். “20 கிலோமீட்டர் வேறுபாட்டில் என்ன வந்துவிடப் போகிறது?” என்று ஒருவர் கேட்டார். ஆறாம் ஆண்டு மாணவர்களே, இது உங்களுக்குரிய கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடுகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 8 மீட்டர். கண் கண்டு, கால் பிரேக்கை மிதிக்கவே ஒரு விநாடியாவது வேண்டும். அந்த ஒரு விநாடியிலேயே 6 மீட்டர் வேறுபாடு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வண்டி நிற்கத் தேவைப்படும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50இன் வர்க்கம் 2,500. 30இன் வர்க்கம் 900. ஏறத்தாழ மூன்று மடங்கு! செம்மண் சாலையில், பாரம் ஏற்றிய லோரிக்கு அந்தத் தூரம் இன்னும் நீளும். பிள்ளை விழுந்து எழுவதற்கும் எழாமலே போவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்தச் சில மீட்டர்கள்தாம்.

இஃது ஏதோ நம் தோட்டத்துக்கு மட்டும் உரிய கவலை என்று எண்ணவேண்டா. சாலை விபத்துகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் மாள்வதாகவும், 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு அதுவே முதற்காரணம் என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இன்று சைக்கிள் நாடு என்று புகழப்படும் நெதர்லாந்தும் தொடக்கத்தில் அவ்வாறு இருக்கவில்லை. 1971ஆம் ஆண்டில் அங்கே 3,000க்கும் மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் கொதித்தெழுந்து, குழந்தைகள் கொல்லப்படுவதை நிறுத்துங்கள் என்னும் பெயரில் இயக்கம் கண்டு, தெருக்களை மறித்து நியாயம் கேட்டனர். அந்நாட்டின் சைக்கிள் பாதைகளுக்கு வழிவகுத்தவற்றுள் அவர்களது குரலும் ஒன்று.

நம் தோட்டத்துக்குத் திரும்புவோம். தனியாகப் புறப்படும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வியாக இருந்தது. வழி காட்டியவர்கள் நம் பாட்டிமார்கள். பணி ஓய்வு பெற்ற மூவர், “விடியற்காலையில் எங்களுக்கு உறக்கம் ஏது? நாங்கள் கூட்டி வருகிறோம்” என்று முன்வந்தனர். இன்று காலை 6.45க்கு மாரியம்மன் கோயில் வாசலில் பிள்ளைகள் கூடுகின்றனர். பாட்டி ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. ஐந்து, ஆறாம் ஆண்டு மாணவர்கள் இடையில் சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொள்கின்றனர். எல்லாருடைய புத்தகப் பையிலும் ஒளி பட்டால் மின்னும் பட்டையைத் தாய்மார்கள் தைத்துக் கொடுத்துள்ளனர். பூட்டிய வீட்டின் முன் தனியே நின்ற சிறுமியை, ஒரு பாட்டி வீட்டுக்கே சென்று அழைத்து வருகிறார்.

முடியாத காரியம் ஒன்று உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. பெருஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் விளக்கும் கடப்பும் வேண்டுமென்று விண்ணப்பம் எழுதினோம், மீண்டும் எழுதினோம். இன்னும் அமையவில்லை. அமையும் வரையில், பெற்றோர் இருவர் முறை வைத்து அங்கே கொடி பிடித்து நிற்கின்றனர். முறை நாளில் வர இயலாதவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீங்கள் இல்லாத ஒரு காலைப்பொழுது போதும்.

பெற்றோர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றி வருகிறீர்கள். தலைக்கவசச் சட்டம் நம் நாட்டில் 1973ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆயினும் தந்தையின் தலையில் கவசமும், பின்னே அமர்ந்திருக்கும் பிள்ளையின் தலையில் வெறுங்காற்றும் இருப்பதை நான் நாள்தோறும் வாயிலில் நின்று காண்கிறேன். உங்கள் தலையைவிட அந்தத் தலை மலிவானதா?

மாணவர்களே, உங்களுக்கும் கடமை உண்டு. நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். சைக்கிளில் வருவோர் மற்ற வண்டிகளைப் போலவே இடப்பக்கம் வரவேண்டும். புறப்படும் முன் பிரேக்கையும் விளக்கையும் சோதித்துப் பாருங்கள். வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவது கோழைத்தனம் அன்று.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். நம் தேர் பாதி வீதி வந்திருக்கிறது. மீதியையும் நாம்தான் இழுக்கவேண்டும்.

கால் முறிந்த அந்த மாணவி இவ்வாண்டு ஆறாம் ஆண்டில் பயில்கிறாள். காலை வரிசையில் பாட்டிக்கு அடுத்து, கைவிளக்கோடு வருபவள் அவள்தான். சென்ற வாரம் அந்த வளைவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன. முதலாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் வரிசையை விட்டு விலகினான். “தம்பி, ஓரமாக வா” என்று அவனைக் கைப்பிடித்து இழுத்தாள்.

இப்போது அங்கே ஓரம் இருக்கிறது.

— தலைமையாசிரியர்