கிரைண்டர் சத்தம்

என் மகள் முதன்முதலாகச் சிரித்ததை நான் பார்க்கவில்லை. என் மடியில் கிடந்துதான் சிரித்தாள். கணவர் போனில் எடுத்த வீடியோவில் அவள் சிரிக்கிறாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறாவது வாரம் தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தார். பத்துக் கேள்விகள். எடின்பரோ அளவுகோல் என்று அதற்குப் பெயர், 1987-இல் வந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. போன ஏழு நாளில் காரணமில்லாமல் பயந்தீர்களா, அழுகை வந்ததா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். கேள்விக்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 30. நான் எடுத்தது 0. உங்களை நீங்களே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்ற பத்தாவது கேள்விக்குக்கூட என் பேனா தயங்கவில்லை. "நல்லா இருக்கீங்கம்மா" என்றார் நர்ஸ். பரீட்சையில் தேறியதுபோல் வெளியே வந்தேன்.

விருதுநகர் பக்கம் எங்கள் வீடு. நான் மூத்தவள், எனக்குக் கீழே மூன்று பேர். அம்மா ஒருநாளும் கை ஓங்கியதில்லை. அழுதால் மட்டும் ஆகாது. "அழுறதுன்னா அங்கிட்டுப் போய் அழு" என்பாள். ஒற்றை அறை வீட்டில் அங்கிட்டு என்றால் எங்கே போவது? கிரைண்டர் ஓடும்போது அழப் பழகிக்கொண்டேன். மாவு தள்ளிவிடுகிற சாக்கில் முதுகைக் காட்டி நின்றால் யாருக்கும் தெரியாது, கேட்கவும் கேட்காது. இந்தக் கதையைக் கல்லூரித் தோழிகளிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிரசவத்துக்கும் அந்த வீட்டுக்குத்தான் போனேன். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, வேதுத் தண்ணி என்று அம்மா ஒரு குறையும் வைக்கவில்லை. ஒருநாள், "ஏன்டி முகம் ஒருமாதிரி இருக்கு?" என்றாள். "தூக்கமில்லம்மா" என்றேன். அவள் கேட்டாள், நான் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற சில நாளில் வருகிற அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். எனக்கு நாலு மாதமாகியும் அடங்கவில்லை.

சென்னைக்குத் திரும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை மாலை. குழந்தை உள்ளே அழுதுகொண்டிருந்தது. ஊறிய அரிசியைப் போட்டு கிரைண்டரை ஓடவிட்டேன். கல் சுற்றியது. ஓரத்து மாவை உள்ளே தள்ளினேன். தண்ணீர் தெளித்தேன். மறுபடி தள்ளினேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெளியே போயிருந்த கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"எவ்வளவு நேரமா ஓடுது இது?"

சுவிட்சை அணைத்தார். மாவில் கை வைத்தேன். வெதுவெதுவென்று சூடேறியிருந்தது. குழந்தையின் முகம் கத்திக் கத்திச் சிவந்திருந்தது. குரல் கம்மிப்போய் விக்கல்தான் வந்துகொண்டிருந்தது. என் அழுகை வெளியே கேட்கக் கூடாது என்றுதான் சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்தேன். அன்றைக்கு அதை ஓடவிட்டது, அவள் அழுகை என் காதில் விழக் கூடாது என்று.

அவர் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டு.

மனநல மருத்துவரிடம் போனோம். மருந்தும் பேச்சுமாக எட்டு மாதம் ஆனது. "சின்ன வயசுல நீங்க அழுதா யார் தூக்குவாங்க?" என்று அவர் கேட்டார். கிரைண்டர் கதையைச் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. செல்மா ஃப்ரைபெர்க் என்ற அமெரிக்கர் தன் சகாக்களோடு 1975-இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் பற்றி அவர்தான் சொன்னார். சிறுவயதில் நடந்தது நினைவிருந்து, அப்போது பட்ட வலி மட்டும் மறந்துபோன தாய்மாரிடம்தான் பழையது திரும்ப வருகிறது என்பது அதன் சாரம். அந்த வாரம் முழுக்க ஒன்பது வயதில் நின்ற அந்த மூலையிலேயே நின்றிருந்தேன்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. அந்த வீடியோவை அடிக்கடி போடச் சொல்வாள். போன வாரம் கேட்டாள்: "நான் சிரிக்கிறேன், நீ ஏன்மா அங்க பாக்குற?"

"அப்போ அம்மாவுக்கு மனசு சரியில்லடா."

"அழுதியா?"

அடுப்பில் பால் பொங்கி வந்தது. அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆமாடா. ரொம்ப அழுதேன்."