எழுந்து போக முடியாத ஆட்டம்

விடுமுறைக்கு வந்த மகள் எனக்குப் போக்கர் கற்றுத் தந்தாள். பந்தயம் புளியங்கொட்டை. இஸ்பேட் ஏழும் எட்டும் என் கைக்கு வந்தன. சின்னச் சீட்டுகள்தானே என்று கவிழ்த்து வைக்கப் போனேன்.

"வைக்காதம்மா. ஆஸும் ராஜாவும் வந்த மாதிரி பந்தயத்தை ஏத்து."

ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு சின்னச் சீட்டுகளுக்குத் தனியாக மதிப்பில்லை. நடுவில் பொதுவாகத் திறக்கும் ஐந்து சீட்டுகளில் ஐந்து, ஆறு, ஒன்பது விழுந்தால் வரிசை சேர்ந்துவிடும். முதலிலேயே ஏற்றியவளிடம் பெரிய சீட்டு இருக்கிறது என்று நம்பும் எதிராளி இவற்றைக் கண்டு பயப்பட மாட்டார். வரம்பில்லாத ஆட்டம் என்பதால், அந்த ஒரு கையிலேயே அவருடைய மொத்தப் பணத்தையும் வாங்கிவிடலாம்.

எனக்கு அம்மாபேட்டை வீடு நினைவுக்கு வந்தது. அமாவாசையன்று எங்கள் தறி ஓடாது. திண்ணையில் அப்பாவும் கூட்டாளிகளும் ரம்மி ஆடுவார்கள். கையில் இருப்பதை முகத்தில் காட்டாத அப்பாவுக்குக் கெட்டிக்காரர் என்று பெயர். அன்றைக்கும் அம்மா உள்ளே தார் சுற்றிக்கொண்டிருப்பாள். தன் கூலியைக் குறைத்துச் சொல்லி, மிச்சத்தைப் பழைய நூல் மூட்டைக்குள் வைத்திருந்தாள். என் கல்லூரிக் கட்டணம் அது. ஒருநாள் அப்பா கையில் அகப்பட்டது. "திருட்டுக் கழுதை" என்று அடித்தார். பணம் திண்ணைக்குப் போயிற்று. நான் ஒரு வருடம் அம்மாவோடு உட்கார்ந்து தார் சுற்றினேன்.

2023 நவம்பரில், இணையச் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்ற சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்றும் சொன்னது. இருக்கட்டும். அம்மா மறைத்ததும் திறமைதான். அதற்குக் கிடைத்த பெயர் வேறு.

"இந்த ஜோடி பெரும்பாலும் சேராதும்மா" என்றாள் மகள். "பல தடவை கொஞ்சம் கொஞ்சமா விட்டு, ஒரு தடவை பெருசா எடுக்கணும். முன்னால நிறையப் பணம் இருந்தாத்தான் கட்டும்."

அம்மாவிடம் இருந்தது ஒரே மூட்டை. சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போகவும் அவளுக்கு இடமில்லை.

உதவித்தொகை வந்ததை வீட்டில் சொல்லாத பெண்கள் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். பொய் சொல்லாதே என்று நான் கண்டிப்பதில்லை. வங்கிக் கணக்கு உன் பெயரில் மட்டும் இருக்கிறதா, ஏடிஎம் அட்டை யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறேன்.