கடல் கடந்த மடல்: நிலைத்த அலகும் விரியும் அலகும்

மேற்கு ஜெர்மனியின் தலைநகராகப் பான் இருந்த காலத்தில், 1952இல் இயற்றப்பட்டு 1976இல் திருத்தி வெளியிடப்பட்ட கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மான், காட்டுப்பன்றி முதலிய குளம்புடைய விலங்குகளின் மீதும் சீல்களின் மீதும் சிதறுகுண்டு, நறுக்கிய ஈயம், குறுக்குவில்லின் கணை, அம்பு ஆகிய எவற்றையும் ஏவக்கூடாது என்று விதிக்கிறது. குற்றுயிராய்க் கிடக்கும் விலங்கின் துன்பத்தை முடிக்க எய்யப்படும் கடைசி எய்தலுக்கும் அதில் விலக்கு இல்லை. நாடாளுமன்றம் 1999இல் பெர்லினுக்குப் பெயர்ந்த பின்னும் இந்த விதி நீடிக்கிறது. ஆகவே பான் நகரை ஒட்டிய கோட்டன்ஃபோர்ஸ்ட் காட்டில் பன்றி வேட்டைக்கு உரிமம் பெற்றவர் துப்பாக்கியோடு செல்லலாம். வில்லோடு செல்ல முடியாது. அதே நகரில் வில்லை எவரும் கடையில் வாங்கலாம், நுரைப்பொருளால் செய்த விலங்குருவங்களை எய்து பழகலாம் என்பதால், வில்லும் வேட்டையும் இங்கே அருகருகே இருந்தும் சட்டத்தால் பிரிந்து நிற்கின்றன.

இந்தப் பிரிவுக்கு அடியில் இருக்கும் கேள்வி, அம்பு ஒரு விலங்கை விரைவாகவும் உறுதியாகவும் கொல்லுமா என்பது. அதற்கு விடை வில்லின் வலிமையில் இருப்பதைவிட, அம்பின் நுனியில் பொருத்தப்படும் சிறு எஃகுத் துண்டில்தான் மிகுதியும் இருக்கிறது. வேட்டைக்காரர்கள் 'பிராட்ஹெட்' என்றும் ஜெர்மானியர் 'யாக்ட்ஷ்பிட்ஸே' என்றும் சொல்லும் அந்த முனை, பயிற்சி அம்பின் கூர்மழுங்கிய நுனியைப் போலக் குத்துவதற்கு மட்டும் ஆனதன்று. பக்கங்களில் கத்தி போன்ற அலகுகளைக் கொண்டு, ஊடுருவிச் செல்லும் வழியெல்லாம் அறுப்பதற்கு ஆனது. அலகுகள் உடலோடு அசையாமல் பிணைந்திருப்பது ஒரு வகை. இம்மடல் அதை நிலையலகு முனை என்று குறிக்கிறது. பறக்கும்போது அலகுகள் உடலோடு மடங்கியிருந்து, தோலைத் தொட்டதும் விரிந்துகொள்வது மற்றொரு வகை. அது விரியலகு முனை.

தோட்டாவும் அம்பும் கொல்லும் விதம் வேறு வேறானது என்பதைச் சட்டத்தின் எண்களே மறைமுகமாகக் காட்டுகின்றன. அதே 19ஆம் பிரிவு, உருவில் சிறிய ரோ மானுக்கு 100 மீட்டர் தொலைவில் குறைந்தது 1000 ஜூல் ஆற்றலும், பிற குளம்பு விலங்குகளுக்கு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையாத தோட்டாவும் 2000 ஜூலும் வேண்டும் என்கிறது. கப்பிகள் பொருத்திய இன்றைய காம்பவுண்ட் வில்லிலிருந்து 27 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 98 ஜூல்தான். தோட்டாவின் அளவுகோலால் அளந்தால் அம்பு தோற்றுவிட்டது. ஆனால் அம்பு, தோட்டாவைப் போலத் தன் ஆற்றலைத் திசுக்களில் கொட்டி அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. நுரையீரலையும் பெரிய இரத்தக் குழாய்களையும் அறுத்து, இரத்த இழப்பால் வீழ்த்துகிறது. கசாப்புக்காரரின் கத்தியை ஜூல் கணக்கில் யாரும் மதிப்பிடுவதில்லை. அலகின் கூர்மையும் வெட்டின் நீளமும் ஆழமுமே அங்கே கணக்கு.

நிலையலகு முனை மிகத் தொன்மையானது. பெர்லினைச் சேர்ந்த ஃபெடோர் யாகோர் 1876இல் ஆதிச்சநல்லூரைத் தோண்டிக் கிடைத்தவற்றைத் தம் நகருக்குக் கொண்டுசென்றார். பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அதே இடத்தில் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட இரும்புக் கருவிகளில் வாளும் ஈட்டியும் அம்புமுனையும் உண்டு. தாமிரபரணிக் கரையின் கொல்லர் இரும்பில் அடித்த வடிவத்துக்கும் இன்று தொழிற்சாலையில் கடைந்தெடுக்கப்படும் நிலையலகுக்கும் அடிப்படைக் கருத்தில் வேறுபாடு இல்லை. அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால் அதில் பழுதுபட ஒன்றும் இல்லை, விரிவதற்காக ஆற்றல் செலவாவதும் இல்லை. அலகு மழுங்கினால் மீண்டும் தீட்டிக்கொள்ளலாம்.

அதன் குறை பறப்பதில் வெளிப்படுகிறது. அம்பின் பின்புறத்து இறகுகள் அதை நேராக ஓட்ட முயலும்போது, முன்புறத்தில் விறைத்து நிற்கும் அலகுகளும் காற்றில் சிறு சிறகுகளாகச் செயல்பட்டு அம்பைத் தம் பக்கம் இழுக்கின்றன. வில்லும் அம்பும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தியிராமல், நாணை விட்டு அம்பு சற்றே சாய்ந்து புறப்பட்டால், பயிற்சி முனையால் நடு இலக்கைத் தொட்டவரின் கை அதே கையாகவே இருந்தும், வேட்டை முனை ஒரு சாண் தள்ளிப்போய் விழுகிறது. நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தூரமும் ஏறத்தாழ ஒரு சாண்தான். அந்தப் பிசகு விலங்குக்கு மணிக்கணக்கான வேதனை ஆகிவிடுகிறது.

விரியலகு முனை உருவானது இந்தக் குறையைப் போக்கத்தான். அலகுகள் மடங்கியிருப்பதால் அது பயிற்சி முனையைப் போலவே பறக்கிறது. பட்டதும் விரிந்து, நிலையலகின் வழக்கமான 25 முதல் 32 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பதிலாக 40, 50 மில்லிமீட்டர் அகலத்துக்கு அறுத்துச் செல்கிறது. இரத்தத் தடம் தெளிவாக விழுவதற்கு இந்த அகலம் மிகவும் உதவும். ஜெர்மன் வேட்டைக்காரரின் தொழில்மொழியில் விலங்கின் இரத்தத்துக்கு 'வியர்வை' என்று பொருள்படும் 'ஷ்வைஸ்' என்ற சொல்லே வழங்குகிறது. காயம்பட்ட விலங்கை மோப்பம் பிடித்துத் தேடும் நாயும் 'ஷ்வைஸ்ஹுண்ட்' எனப்படுகிறது. இரத்தத்தைத் தொடர்ந்து சென்று விலங்கைக் கண்டெடுப்பது இங்கே வேட்டைக்காரரின் கடமை; 'வைட்கெரெஷ்டிக்கைட்' எனப்படும் வேட்டை நெறியைச் சட்டத்தின் முதல் பிரிவே சொல்கிறது.

ஆனால் விரிவதற்கு ஒரு விலை உண்டு. அலகுகளைத் திறக்கவும் அகன்ற வெட்டை இழுத்துச் செல்லவும் அம்பு தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. மீதமுள்ள ஆற்றலில்தான் அது ஆழம் செல்ல வேண்டும். வலிமை குன்றிய வில்லோ, சாய்வான கோணமோ, எலும்போ குறுக்கிட்டால் அம்பு பாதியில் நின்றுபோய், வெளிவாசல் இல்லாத காயம் ஒன்றே மிஞ்சலாம். அப்போது இரத்தம் உள்ளேயே தேங்கித் தடம் அற்றுப்போகிறது. முதிர்ந்த ஆண் காட்டுப்பன்றியின் தோள்மேல் கேடயம் போன்ற தடித்த இணைப்புத்திசுப் போர்வை இருப்பதால், பான் சுற்றுவட்டக் காடுகளில் வாழும் இந்த விலங்கைப் பொறுத்தவரை இந்த ஐயம் வெறும் ஏட்டு ஐயமாக நின்றுவிடுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1980களில் பெருவிலங்குகளின் மீது அம்புகளைச் சோதித்த எட் ஆஷ்பி, கனமான அம்பும் ஒடுங்கிய ஈரலகு முனையுமே எலும்பை வென்று செல்கின்றன என்று வாதிட்டவர்.

இதற்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டிய சான்று அமெரிக்காவின் மேரிலாண்டில், இந்தியன் ஹெட் என்னும் கடற்படைத் தளத்தில் கிடைத்தது. அங்கே 1989 முதல் 2006 வரை அம்புபட்ட வெண்வால் மான்களில் ஏறத்தாழ 18 விழுக்காடு கண்டெடுக்கப்படவில்லை. பின்னர் முனைவகை வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, நிலையலகால் எய்யப்பட்டவற்றில் பத்தில் எட்டும், விரியலகால் எய்யப்பட்டவற்றில் பத்தில் ஒன்பதும் கிடைத்திருந்தன. விரியலகே மிகுதியாகக் காயப்படுத்தித் தப்பவிடும் என்ற பழைய எண்ணத்துக்கு இந்த எண்கள் இடந்தரவில்லை. அவற்றைப் பொதுவிதியாக்கவும் கூடாது: வெண்வால் மான் மெல்லிய தோலும் ஒடுங்கிய விலாவும் உடையது, எய்தவர்கள் வலிய காம்பவுண்ட் வில்லையும் குறுக்குவில்லையும் கையாண்டவர்கள். பன்றிக்கும் செம்மானுக்கும் இதே கணக்கைப் பொருத்த முடியாது.

எனவே, விலங்கின் உடலும் வில்லின் வலிமையுமே முனையைத் தீர்மானிக்க வேண்டும். ரோ மான் அளவிலான விலங்குக்கு, வலிய வில்லிலிருந்து, பக்கவாட்டில் நிற்கும் நிலையில் எய்வதானால் விரியலகை மறுப்பதற்கு நியாயம் இல்லை. பன்றிக்கும், வலிமை குறைந்த வில்லுக்கும், கப்பியற்ற மரபு வில்லுக்கும் நிலையலகே தக்கது. அதைத் தேர்ந்தவர் வில்லைத் திருத்தி, வேட்டை முனையோடேயே பழகி, அது பயிற்சி முனை பட்ட இடத்திலேயே படும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் விரியலகைக் குறுக்குவழியாகப் பிடித்துக்கொள்வதே கவலைக்குரியது. வில்லின் பிழையை முனை மறைத்துவிடுகிறது. அம்பு சாய்ந்து பறப்பதால் இழக்கும் ஊடுருவலை அது திருப்பித் தருவதில்லை.

காரணமின்றி விலங்குக்கு வலியும் துன்பமும் உண்டாக்கக் கூடாது என்னும் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் பான் நகரில் 1972இல் நிறைவேறியது. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டில் பிறந்து, பின்னர் வந்த திருத்தத்தோடு வேட்டையை ஏறக்குறைய முற்றாக மூடியது. பெர்லினை அடுத்த ஸ்டான்ஸ்டோர்ஃப், கிளைன்மாக்னோ ஊர்களில் பன்றிகள் குடியிருப்புகளுக்குள் புகுந்து, தோட்டாவைப் பயன்படுத்த அஞ்சும் இடங்களில் வில்லை அனுமதிக்கலாமா என்ற கோரிக்கை எழுந்தபோது, ஜெர்மனியில் இந்த விவாதம் மீண்டும் தலைதூக்கியது. பிரான்சோ 1995இலிருந்தே கட்டாயப் பயிற்சியோடு வில்வேட்டையை அனுமதிக்கிறது. அந்தப் பயிற்சியை முடித்துவிட்டு எல்லை கடந்து செல்லும் ஜெர்மானியர் உண்டு.

அப்படிச் செல்பவர் எந்த வகையைத் தேர்ந்தாலும், கூர்மை இரண்டுக்கும் பொது. நுரை இலக்கில் ஒருமுறை எய்த அலகு கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தாலும் முனை மழுங்கியிருக்கும். மழுங்கிய அலகு இரத்தக் குழாயை அறுக்காமல் ஒதுக்கித் தள்ளிக் கடந்துவிடுகிறது. இழுத்துக் கட்டிய ரப்பர் வளையத்தின் மேல் அலகை மெல்ல அழுத்தி, அது உடனே அறுபடுகிறதா என்று பார்ப்பது வேட்டைக்காரர்களின் எளிய சோதனை. அதில் தேறாத முனையைத் தூணியில் வைக்கலாகாது. நிலையலகாயின் தீட்டுக்கல்லுக்குத் திரும்ப வேண்டும், விரியலகாயின் அலகுகளை மாற்ற வேண்டும்.