ஸ்பகெற்றியும் ஓர் உம்மையும்

மாட்டிறைச்சியும் பாற்கட்டியும் சேர்ந்த ஸ்பகெற்றியை மாதத்தில் ஒரு ஞாயிறு நாம் வீட்டிற் சமைப்பதுண்டு. இதனை மேல்நாட்டு மோகம் என்று ஒதுக்கும் நண்பர் சிலர் உளர். கொழும்பு ஹோட்டல்களின் விலைப்பட்டியலில் மாத்திரம் இதனைக் கண்டவர்க்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயின் இது மாளிகையிற் பிறந்த உணவன்று, தெருவில் வளர்ந்தது.

சமையல் எளிது, பொறுமைதான் வேண்டும். நால்வருக்கு அரைத்த மாட்டிறைச்சி 400 கிராம் போதும். வெங்காயம், கரட், உள்ளி ஆகியவற்றைச் சிறிதாக அரிந்து எண்ணெயில் மெல்ல வதக்கியபின் இறைச்சியை இட்டு, அதன் நீர் முற்றாக வற்றிச் சட்டியின் அடியிற் கபில நிறம் படியும்வரை கிளற வேண்டும். இங்கே அவசரப்படுவோர் அவித்த இறைச்சியையே உண்பர். பின்னர் நன்கு பழுத்த தக்காளியைப் பிசைந்து சேர்த்து, சிறு நெருப்பில் இரண்டு மணிநேரம் விடலாம். எமது சந்தையிற் பெரும்பாலும் கிடைப்பது முதிர்ந்த மாட்டின் இறைச்சி. அதற்கு இரண்டு மணிநேரம் அதிகமன்று. ஸ்பகெற்றி 100 கிராமுக்கு நீர் ஒரு லீற்றர், உப்பு 10 கிராம் என்பது இத்தாலியர் கணக்கு. நடுவிற் சற்று உறுதி எஞ்சியிருக்கையில் வடித்து, வடித்த நீரில் ஓர் அகப்பையைக் குழம்பில் ஊற்றினால், அதிலுள்ள மாப்பசை இரண்டையும் பிணைத்துவிடும். இறுதியிற் பாற்கட்டி. பார்மிசான் ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டாதது. நாம் துருவித் தூவுவது சாதாரணச் செடார். இத்தாலியர் முகஞ்சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்.

அவர்கள் நாட்டிலேயே இம்முகஞ்சுளிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. நேப்பிள்ஸ் நகரத்தவரை ஒரு காலத்தில் மற்றோர் 'இலைதின்னிகள்' என்று எள்ளினர். கோவாவும் கீரையும் அவர்களது அன்றாட உணவு. 17ஆம் நூற்றாண்டிற் பெருகிய நகர மக்களுக்கு இறைச்சி எட்டாப் பொருளாகியது; மாவைப் பிசையவும் பிழியவும் பொறிகள் பரவி மாப்பண்டமோ மலிந்தது. ஏழைகள் அதற்கு மாறினர். பெயரும் 'மக்கரோனிதின்னிகள்' என மாறிற்று, ஏளனம் மாறவில்லை. இம்மாற்றத்தின் பொருளாதார வேர்களை ஆராய்ந்து 1958இற் கட்டுரை வரைந்தவர் எமிலியோ செரேனி என்னும் இத்தாலியக் கம்யூனிஸ்டு அறிஞர். தெருவோரக் கொப்பரையில் அவித்ததை அம்மக்கள் கையால் உயர்த்தி வாயில் இறக்கி உண்டனர். தூவிய பாற்கட்டி ஒன்றே அதற்குச் சுவை. தக்காளி பின்னர் வந்தது.

இறைச்சி வந்த கதை வேறு. 1880க்கும் 1920க்கும் இடையில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றனர். பெரும்பாலோர் தென்னித்தாலியின் ஏழை விவசாயிகள். சுரங்கப்பாதை தோண்டியும் தண்டவாளம் இட்டும் பெற்ற கூலிக்கு அங்கே மாட்டிறைச்சி எட்டிற்று. ஊரிற் பண்டிகை நாளில் மாத்திரம் கண்டதை ஞாயிறுதோறும் ஸ்பகெற்றியின்மேற் குவித்தனர். பொலோனியா நகரத்தார் தமது புகழ்பெற்ற இறைச்சிக் குழம்பை நாடாபோன்ற தட்டையான பண்டத்துடன் உண்பவர்கள். ஸ்பகெற்றியுடன் அதனைச் சேர்ப்பதை இன்றும் ஒப்பார். தட்டு நிறைந்த இந்த உணவு பெரிதும் புலம்பெயர்ந்த கூலியாளர் ஆக்கியது. அதில் நாம் காண்பது ஆடம்பரமன்று, கூலி.

உண்பதை வைத்து மனிதருக்குப் பெயரிடும் வழக்கம் எம்மிடையேயும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 'மாடுதின்னி' என்பது வசைச்சொல். மாட்டின்மேற் கொண்ட இரக்கத்தால் எழுந்த வசை அன்று அது. பால் வற்றிய பசுவை விற்கும் பக்தர், அது எங்கே போகின்றதென அறியாதவரல்லர். அவர் கேட்டு மகிழும் மிருதங்கத்தின் தோலும் மாட்டினுடையதே. மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு 2020 செப்டெம்பரில் அமைச்சரவை இணங்கியது. உண்போருக்கென இறைச்சியை இறக்குமதி செய்யலாம் என்பதும் அவ்யோசனையின் ஒரு பகுதி. வேற்றுநாட்டு மாட்டுக்கு உயிரில்லைப் போலும்!

எமது ஞாயிற்றுச் சமையலைக் கேள்வியுற்ற சக ஆசிரியர் ஒருவர், "மாஸ்ரர், உங்கள் வீட்டிலுமா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அந்த உம்மை எம்மை உயர்த்துவதுபோற் காட்டி, வேறு சில வீடுகளைத் தாழ்த்துகின்றது. அவை எந்த வீடுகள் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, இருவருக்கும் தெரியும். இழிவுசிறப்பும்மைக்கு இலக்கணப் பாடங்களில் வழிவழியாகக் காட்டப்படும் உதாரணம் ஒரு சாதிப் பெயரைக் கொண்டது. நாமும் அதனை மனப்பாடம் செய்தே பட்டம் பெற்றோம். இப்போது வகுப்பில் வேறு உதாரணம் தருகின்றோம். பழையது ஏன் விடப்பட்டது என்பதையும் மாணவருக்குச் சொல்கின்றோம்.

புலால் உண்ணாதாருடன் எமக்கு வழக்கில்லை. எம் தாயார் மரக்கறி மாத்திரம் உண்பவர். அவருக்கெனத் தக்காளியில் ஒரு பங்கு தனிச் சட்டியில் வேகும். எல்லோரும் ஒரே மேசையில் இருந்து உண்கின்றோம். முள்ளுக்கரண்டியை அவர் ஏற்பதில்லை. இடியப்பத்தைப்போலக் கையாற் பிசைந்து, பாற்கட்டியை இன்னுங் கொஞ்சம் கேட்டு வாங்குகின்றார்.