ஆயில் குடிக்கிற எஞ்சின்

எஞ்சின் நீலமாகப் புகைந்தால் "ரிங்கு போச்சு" என்று சொல்ல எல்லா ஊரிலும் ஆள் உண்டு. ஒஹையோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அதைத்தான் சொன்னார். மே மாதம்; மழை விட்டு வெயில் அடித்தால் இங்கே புல் போட்டி போட்டு வளரும், கொஞ்சம் அசந்தால் ஊர் நிர்வாகத்திலிருந்து நோட்டீஸ் வரும். அந்த நேரம் பார்த்து ரைடிங் மோவர் விட்ட புகையில் வேலியே தெரியவில்லை. "பேசாமல் புதுசு வாங்கிவிடு" என்றார். இந்த நாட்டில் இப்படிப்பட்ட பேச்சு பெரும்பாலும் அந்த இடத்தில் முடிந்துவிடும்.

எனக்கு உடுமலைப் பக்கம் மாமா தோட்டத்துக்கு வரும் மெக்கானிக்கின் குரல் கேட்டது. "நெறத்தை அப்பறம் பாக்கலாங்ணா. எப்பப் பொகையுதுன்னு சொல்லுங்."

கிணற்று மேட்டில் சாளைக்குள் இருந்தது அந்த டீசல் எஞ்சின். இங்கிலாந்தின் லிஸ்டர் எஞ்சினை அச்சாக வைத்து ராஜ்கோட் பட்டறைகள் வார்த்துத் தள்ளிய வகை. லிஸ்டரின் மூல மாடல் 650 சுற்றில் 6 குதிரைத்திறன் தரும். ஒவ்வொரு வெடியையும் தனித்தனியாக எண்ணலாம். பம்பு இறைக்கும் தண்ணீரில் ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றி வந்து சின்னக் குழாயில் வெதுவெதுப்பாக விழும். மார்கழியில் எங்கள் குளியல் அங்கேதான். எஞ்சினுக்கு வெளியே, வால்வுகளைத் தள்ளித் திறக்கும் இரண்டு புஷ்ராடுகள் ஏறி இறங்கும். பக்கத்தில் போகாதே என்பார்கள். வேறெதைப் பார்க்க அங்கே போவோம்?

மெக்கானிக்கின் கேள்விக்குள் ஒரு பாடமே இருந்தது. எடுத்தவுடன் குப்பென்று விட்டு நின்றுவிட்டால், நிறுத்தி வைத்த நேரத்தில் வால்வு கைடு வழியாக ஆயில் கசிந்து இறங்கியிருக்கலாம். லோடு ஏற ஏறப் புகை கூடினால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் லைனரையும் சந்தேகப்பட வேண்டும். மாமாவின் எஞ்சின் இரண்டாவது ரகம். காலையில் இன்டேக்கில் கொஞ்சம் ஆயில் விட்டால்தான் எடுக்கும். ஆயில் போய் இடைவெளியை அடைத்துக் கம்ப்ரஷன் ஏறுகிறதென்றால் தேய்ந்தது ரிங்குதான் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டினார். 1990இல் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் என்று ஆனபிறகு மோட்டார் வந்தது. எஞ்சின் சாளையோடு ஒதுங்கியது.

புகையே தப்பு என்று இல்லை. டிவிஎஸ் 50 புகைந்தால் யாரும் கவலைப்பட்டதில்லை. அது டூ-ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து எரிப்பது அதன் பிறவிக்குணம். ஃபோர்-ஸ்ட்ரோக் அப்படியல்ல. ஆயில் கீழே கிராங்க்கேஸில் இருக்க வேண்டும். மேலே வந்து எரிகிறதென்றால் வழி ஒன்று திறந்திருக்கிறது. எந்த வழி என்பதுதான் கேள்வி.

மோவர் எடுத்தவுடன் புகையவில்லை. சூடேறி, பிளேடைச் சுழல விட்டபிறகு ஆரம்பித்து நிற்காமல் வந்தது. முதலில் டிப்ஸ்டிக். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலே மோவர் புகையும். அது சரியாக இருந்தது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை இல்லை. கார்புரேட்டரின் மிதவை ஊசி ஒழுகினால் பெட்ரோல் ஆயிலில் இறங்கி மட்டத்தை உயர்த்தும், ஆயிலை நீர்க்கவும் வைக்கும். அந்த நிலையில் எஞ்சினை ஓட்டவே கூடாது. ஏர் ஃபில்டரைக் கழற்றியபோதுதான் விஷயம் வந்தது: காகித மடிப்பெல்லாம் ஆயிலில் ஊறிக் கிடந்தது. கிராங்க்கேஸ் மூச்சு விடும் ரப்பர் குழாய் அங்கேதான் வந்து சேர்கிறது. மூச்சோடு ஆயிலும் வருகிறதென்றால் உள்ளே இருக்கக்கூடாத அழுத்தம் இருக்கிறது. பிரீதர் வால்வைத் திறந்து பார்த்தேன். மெல்லிய தகடு ஒழுங்காகப் படிந்துதான் இருந்தது.

பெரியவர் கம்ப்ரஷன் கேஜைக் கொண்டுவந்தார். முள் பாதியில் நின்றது. "பார்த்தாயா?" என்றார். எனக்கு மாமாவின் வலது கை ஞாபகத்துக்கு வந்தது. இடது கையால் ஹெட்டின் மேலிருக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, வலது கையால் ஹேண்டிலைச் சுழற்றுவார். வால்வு திறந்திருப்பதால்தான் சக்கரம் கைக்கு அடங்கும். வேகம் பிடித்ததும் லீவரை விட்டால் டப்பென்று முதல் வெடி. மோவரில் அந்த லீவர் கேம் ஷாஃப்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போது வால்வைத் தானே சற்றுத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் விலகிக்கொள்ளும். ஆக, நல்ல எஞ்சினிலும் கேஜ் குறைவாகத்தான் காட்டும். அந்த முள்ளை நம்பி எஞ்சினைத் தூக்கிப்போட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

இங்கே ஓர் உறவுமுறையைச் சொல்லாமல் போக மனமில்லை. புல்வெட்டும் இயந்திரத்துக்கு 1830இல் காப்புரிமை பெற்ற எட்வின் பட்டிங், இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதிக்காரர். பிற்பாடு பக்கத்து ஊரான டர்ஸ்லியில் ஜார்ஜ் லிஸ்டருடன் வேலை செய்தார். அந்த ஜார்ஜின் மகன் 1867இல் அதே ஊரில் தொடங்கிய கம்பெனிதான் லிஸ்டர் எஞ்சினைச் செய்தது. மாமாவின் எஞ்சினும் என் மோவரும் தூரத்துப் பங்காளிகள். ஃபோனில் மாமாவிடம் சொன்னேன். அவருக்கு வேறு சந்தேகம்: "அத்தனை புல்லையும் வெட்டி எந்த மாட்டுக்குடா போடறே?"

கேஜை ஒதுக்கிவிட்டுக் காற்றடித்துப் பார்த்தோம். பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, ஷாஃப்டை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, பிளக் துளை வழியாகக் காற்றை விட வேண்டும். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. டிப்ஸ்டிக் குழாயில் சீறியது. "ரிங்கு" என்றார் பெரியவர், மூன்றாம் முறையாக.

மாமாவின் எஞ்சினாக இருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். அதில் புஷ்ராடு வெளியே ஓடுகிறது. மோவரில் புஷ்ராடுகள் சிலிண்டரை ஒட்டி, பிளாக்குக்குள்ளேயே ஒரு குழியில் ஓடுகின்றன. அந்தக் குழி நேராகக் கிராங்க்கேஸில் இறங்குகிறது. சிலிண்டருக்கும் குழிக்கும் நடுவே இருப்பது ஹெட் கேஸ்கெட்டின் ஒடுங்கிய ஓரம் மட்டும். அது எரிந்துபோனால் ஒவ்வொரு வெடியிலும் வாயு கிராங்க்கேஸுக்குள் பாயும், ஆயிலைப் பிரீதர் வழியாகத் தள்ளும், எஞ்சின் அதையே இழுத்துக் குடிக்கும். ரிங்கு புதுசு போல இருந்தாலும் இத்தனையும் நடக்கும்.

ஹெட்டைக் கழற்றினோம். சிலிண்டரிலிருந்து புஷ்ராடு குழிக்குக் கேஸ்கெட்டின் குறுக்கே கரிக்கோடு. சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். போன வருஷம் இதே மாதிரி புகைந்த ஒன்றை அவர் பழைய இரும்புக்குப் போட்டிருந்தாராம்.

கேஸ்கெட் ஏன் எரிந்தது என்பதற்கும் பதில் பக்கத்திலேயே இருந்தது. காற்றால் குளிரும் எஞ்சின் இது. விசிறி மூடியைத் தூக்கினால் குளிர்காலத்தில் எலி கட்டிய கூடும் காய்ந்த புல்லும் சிலிண்டரின் ஃபின்களை அடைத்துக்கொண்டிருந்தன. அத்தனை சூட்டில் அலுமினிய ஹெட் வளையாமல் என்ன செய்யும்? தடித்த கண்ணாடியின் மேல் எமரி பேப்பரை விரித்து, ஹெட்டைக் கவிழ்த்து எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்துச் சமப்படுத்தினேன். புதுக் கேஸ்கெட் வைத்து, போல்டுகளை உரிய வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிசெய்து, கோடைக்கு எஸ்.ஏ.இ. 30 ஆயிலை ஊற்றினேன். வெயில் காலத்தில் 10டபிள்யூ-30 ஊற்றினால் இந்த வகை எஞ்சின்கள் சற்றுக் கூடுதலாகவே ஆயில் குடிக்கும்.

கிளப்பினால் மறுபடி புகை. பெரியவர் என்னைப் பார்த்தார். சைலன்சருக்குள் பழைய ஆயில் தேங்கியிருக்கும், அது எரிந்து தீரட்டும் என்றேன். தீர்வதற்குள் அவர் தன் ஷெட்டிலிருந்து இன்னொரு மோவரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "இதுவும் புகைகிறது" என்றார். எப்போது புகைகிறது என்று கேட்டேன்.