நாங்கள் வாங்கிய ஜீப்பு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அதற்கு மேலே இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலக்காடுகள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. எல்லை என்னவோ மலைமேல் நின்றுவிட்டது. காட்டு வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்கள் மட்டும் இன்றும் விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறார்கள்.

அந்தச் சவாரிக்காகத்தான் சென்ற விடுமுறையில் அப்பா ஒரு பழைய ஜீப்பு வாங்கினார். "நீ பௌதிகம் படிக்கிறவன், பார்த்துச் சொல்லுப்பா" என்றார். நண்பர்களே, எனக்குத் தலை கால் புரியவில்லை!

மீட்டர் 41,000 கிலோமீட்டர் காட்டியது. ஐந்து இலக்க மீட்டர். 99,999 தாண்டினால் மறுபடி பூச்சியம். எத்தனை முறை சுற்றியதோ! பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது. அதைப் பார்த்தபோதே நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்தேன். சேஸிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன். அப்பாவும் நானுமாகப் போடிமெட்டு வரை போய்த் திரும்பினோம். "நன்றாக ஓடுகிறது" என்று தீர்ப்புச் சொன்னேன்.

நான்காம் நாள் மாலை, பதினொரு பெண்களோடு இறங்கிக்கொண்டிருந்தோம். மேலிருந்து ஐந்தாவது வளைவில் அப்பா பிரேக்கை மிதித்தார். மிதி பஞ்சுபோல் உள்ளே போயிற்று. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கியரை இரண்டுக்கும் பிறகு ஒன்றுக்கும் தள்ளி, எஞ்சின் அலற அலற, வண்டியை மலையோரத்து ஓடையில் உரசி நிறுத்தினார். ஒருவருக்கும் அடியில்லை. ஒரு தூக்குவாளி மட்டும் உருண்டு பள்ளத்தில் விழுந்தது.

வாளிக்குரிய ஆத்தா என்னைப் பார்த்தாள். "ஏந்தம்பி, படிச்ச புள்ளைதானே நீ? வண்டி வாங்குறப்ப என்னத்தப் பாத்த?"

மறுநாள் பட்டறையில் நான்கு சக்கரங்களையும் கழற்றினார்கள். பின்பக்கத்து வீல் சிலிண்டர் ஒன்று கசிந்து லைனிங் நனைந்திருந்தது. பிரேக் ஆயிலோ கடுங்காப்பி நிறம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசு வரை கொதிக்கக் கூடாது, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சுடும், ஆயில் கொதிக்கும், குழாயில் ஆவி சேரும். ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிரச் சக்கரத்தைப் பிடிக்காது. இது எனக்குத் தெரியாத பாடமா? தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் அல்லவா! இருவர் மட்டும் போன வெற்று வண்டியில் சோதித்ததால் அது வெளிப்படவில்லை.

பிரேக்கைப் பார்க்கப் போய் மற்றவையும் வெளிவந்தன. வில் பட்டைகளில் மூலப்பட்டை விரிசல் கண்டிருந்தது. யூ போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின் 'டக் டக்' என்றது. பாய்க்கு அடியில் புதுச்சாயம் பளபளத்த இடத்தை மெக்கானிக் அண்ணன் சுத்தியலால் மெல்லத் தட்டினார்; துரு உதிர்ந்தது. வண்டியை வாங்கிய அன்றே இவற்றைப் பார்க்க அரை நாள் போதும் என்றார். அப்பா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

செலவு ஒரு மாதச் சவாரிக் கூலியைத் தின்றது. பன்னிரண்டாம் நாள் விடியலில் வண்டி மறுபடி தெருமுனையில் நின்றது. மற்றவர்கள் ஏறிக்கொண்டார்கள். ஆத்தா மட்டும் கீழே நின்றாள்.

"மாத்தியாச்சா?"

"எல்லாம் மாத்தியாச்சு, ஆத்தா."

"நீயும் கூட வர்றியா?"

"வர்றேன்."

புதுத் தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள்.