பனமலையில் கழற்றிய செருப்பு

"கோடை விடுமுறையில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் எந்த மாதிரிச் செருப்பு வாங்க வேண்டும் என்று நம் வாசகிகளுக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள்" என்று ஆசிரியர் சொன்னபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தந்தான். கல்லூரியில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவளுக்கு எழுத வேறு விஷயமா இல்லை? இருந்தாலும், பத்திரிகையில் சம்பளம் வாங்குகிறவள் தலையைப் பற்றி எழுதச் சொன்னால் தலையைப் பற்றியும், காலைப் பற்றி எழுதச் சொன்னால் காலைப் பற்றியும் எழுதத்தானே வேண்டும்? "ஆகட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இது போன வருஷம் பங்குனியில் நடந்தது. கட்டுரையை அப்போது நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

சித்திரையில் செஞ்சிக் கோட்டையும், அதற்குப் பக்கத்தில் பனமலைக் கோயிலும் பார்த்து வருவதென்று வீட்டில் ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது. நான், இவர், என் அம்மா, கல்லூரியில் படிக்கும் என் அக்கா பெண் ஆக நாலு பேர் கொண்ட கோஷ்டி. நாலு பேர் என்றால் எட்டுக் கால். கட்டுரைக்கு வேண்டிய ஆராய்ச்சியை எங்கள் எட்டுக் கால்களிலேயே நடத்திவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

செருப்பு வாங்கச் சாயங்காலந்தான் சரியான நேரம். நாள் பூராவும் நின்றும் நடந்தும் கால் சற்று உப்பியிருக்கும். காலையில் போய்க் "கச்சிதம்" என்று வாங்கி வந்த செருப்பு, மத்தியான வெயிலில் கிட்டி போட்ட மாதிரி இறுக்கும். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும். கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். இல்லாவிட்டால் மலை இறங்கும்போது கால் முன்னால் சறுக்கி, விரல் நுனி இடிபட்டு, நகம் கறுத்துப் போகும். கையில் எடுத்து வளைத்தால், விரல் மடிகிற இடத்தில் வளைய வேண்டும். நட்ட நடுவில் மடிகிற செருப்பைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

கடைப் பையன் வழக்கம்போல, "போடப் போட விட்டுக் கொடுக்கும் அம்மா" என்றான். தோல் அகலத்தில் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும் என்பது வாஸ்தவம். நீளத்தில் ஒரு நாளும் விட்டுக் கொடுக்காது. (கல்யாணமானவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.)

அக்கா பெண் இரண்டு அங்குலக் குதி வைத்த, மினுமினுக்கும் செருப்பை எடுத்து மார்போடு அணைத்துக் கொண்டாள். இவர் ஆபீசுக்கும் ஆகும், கோட்டைக்கும் ஆகும் என்று கறுப்புத் தோல் ஷூ வாங்கினார். நான் கித்தான் ஷூ வாங்கிக் கொண்டேன். அம்மா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு எதற்கடி இதெல்லாம்? நான் செருப்பில்லாமல் வயல் வரப்பில் நடந்தவள்" என்றாள். அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை வியாதி வந்து இருபது வருஷம் ஆகிறது. ஆகவே மெத்தென்று இருக்கட்டும் என்று, பார்வைக்கும் லட்சணமாக, அரக்குச் சிவப்பில் ஒரு ஜோடி வாங்கினேன். நாலு பேரிலும் அம்மாவுக்குத்தான் சரியாக வாங்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

செருப்புக் கடிக்கு நாம் புதிதாகத் தலைப்பட்டவர்கள் அல்ல. சங்க காலத்தில் செருப்புக்குத் 'தொடுதோல்' என்று பெயர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஆடு மாடு மேய்க்கும் இடையன் ஒருவன் வருகிறான். தொடுதோல் அழுந்தி அழுந்தி அவன் காலில் வடுவே விழுந்திருக்கிறதாம். புலவர் எவ்வளவு கவனமாகக் காலைப் பார்த்திருக்கிறார் பாருங்கள்! அவர் என்னைப் போல் ஆசிரியர் சொல்லிப் பார்த்தவர் அல்ல.

செஞ்சியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட பிறகு, எழுதாத பத்திரிகை இல்லை. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். ஔரங்கசீப்பின் படை 1690இல் முற்றுகை போட்டு 1698இல்தான் இந்தக் கோட்டையைப் பிடித்தது. எங்கள் கோஷ்டி பாதி மலையிலேயே சரணடைந்தது. அக்கா பெண் இரண்டு செருப்பையும் கையில் தூக்கிக்கொண்டு, படியில் நிழல் விழுந்த ஓரமாகப் பார்த்துத் தாவினாள். இவர் குதிகாலில் சிவந்த இடத்தை எனக்குக் காட்டாமல் மறைத்து, அது ரூபாய் அளவு கொப்புளமான பிறகு காட்டினார். சிவக்கிறபோதே பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் அத்துடன் போயிருக்கும். புதுச் செருப்பை இரண்டு வாரமாவது வீட்டுக்குள் போட்டுப் பழக்காமல் பிரயாணத்துக்கு எடுத்துப் போகாதே என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. அம்மா கீழே கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக் கொண்டிருந்தாள். சேதமில்லாமல் திரும்பியவள் அவள் ஒருத்திதான்.

மறு நாள் பனமலை. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில், ஏரிக்கரையில் ஒரு சின்னக் குன்று. அதன் மேல் தாளகிரீஸ்வரர் கோயில். தாளம் என்றாலும் பனைதான். பனைமலைதான் பனமலை ஆயிற்று. காஞ்சிக் கைலாசநாதரைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் 1,300 வருஷத்துக்கு முன்னால் எழுப்பிய கோயில் இது. வடபக்கத்துச் சிறு சந்நிதிச் சுவரில் ஒரு பார்வதி சித்திரம் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் வெகு நாளைய ஆசை.

போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. இங்கேதான் நான் செய்த தப்பு. எந்தச் செருப்பு போடுவது என்று ஒரு வாரம் யோசித்தவள், செருப்பைக் கழற்றின பிறகு என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அடிவாரத்தில் நாலு ஜோடியையும் வரிசையாக விட்டுவிட்டு ஏறினோம். பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. நானும் இவரும் அக்கா பெண்ணும் தையா தக்கா என்று குதித்துக்கொண்டு ஓடினோம். அம்மா மட்டும் நிதானமாக, ஒவ்வொரு படியாக ஏறினாள். நடுவில் வெயிலில் நின்று ஏரியைக்கூடப் பார்த்தாள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாதமே கிடையாது. எல்லாம் வெண்ணெய்" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நான் அம்மாவை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

சித்திரத்தில் தேவி தலையைச் சாய்த்து, ஒரு காலை மடித்துக்கொண்டு நிற்கிறாள். தலைக்கு மேலே குடை. நிறம் பாதி போய்விட்டது. முகத்தின் அழகு போகவில்லை. "சித்தி, இவளுக்கும் கால் சுடுகிறது போலிருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கிறாளே!" என்றாள் அக்கா பெண். குருக்கள்கூடச் சிரித்துவிட்டார். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று இரவு விடுதியில் அம்மா குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக் கொண்டிருந்தாள். அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். கால் ஈரம் காய்ந்து, தரையில் பதிந்த தடமெல்லாம் மறைந்துவிட்டது. வலது காலின் தடம் மட்டும் மறையவில்லை. நடக்க நடக்கப் புதிதாக ஈரம் பதிந்து கொண்டே இருந்தது. அக்கா பெண்தான் முதலில் பார்த்தாள். "பாட்டி, காலைக் காட்டு." பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். முன்பாதத்தில் எலுமிச்சம்பழ அளவுக் கொப்புளம் ஒன்று உடைந்து தோல் தொங்கியது. இடது காலில் இரண்டு கொப்புளம் உடையாமல் இருந்தன.

"வலிக்கவில்லையா அம்மா?"

"இல்லையே! என்னடி அது?"

ராத்திரியே ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்தோம். அவர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார். பிறகு அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நைலான் இழை ஒன்றின் நுனியால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார். தொடும்போதெல்லாம் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். அம்மா மூன்று தடவைதான் சொன்னாள். மற்ற ஏழு இடத்திலும் அவர் தொட்டுக் கொண்டேயிருக்க, அம்மா கண்ணை மூடியபடி காத்துக் கொண்டேயிருந்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கொண்டேன். எங்களுக்கெல்லாம் வெண்ணெய்ப் பாதம், அம்மாவுக்குத்தான் உறுதியான பாதம் என்று நினைத்தோமே! சர்க்கரை பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பைத் தின்றுவிட்டிருந்தது.

புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. நடுவில் ஒரு நாள் சென்னை டாக்டர், ஒரு விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கடைசியில் விரல் பிழைத்தது.

அந்த ஏழு வாரத்தில்தான் இந்தக் கட்டுரைக்கு உண்மையான ஆராய்ச்சி நடந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டு என்ற ஆங்கிலேய சர்ஜன் 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகிகளின் கைகால் விரல்கள் தாமாக அழுகி விழுவதாகத்தான் அந்தக் காலத்தில் உலகம் நம்பியிருந்தது. அவர் நோயாளிகளை நாள் முழுவதும் கவனித்துப் பார்த்தார். நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாமல் போகிறது, வலி தெரியாததால் நெருப்பும் முள்ளும் ஒரே இடத்து அழுத்தமும் காயப்படுத்துகின்றன, காயத்தின் மேலேயே நடந்து நடந்து கால் போகிறது என்று கண்டு சொன்னார். வேலூரில் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் அந்தக் கால்களுக்கென்றே மெத்தென்ற செருப்புக்காகப் பாடுபட்டார்கள். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பரை உள்தளமாக வைத்து, ஆணி எதுவும் அடிக்காமல் செய்த செருப்பு. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் 'எம்.சி.ஆர்.' செருப்பு அந்த ரப்பரில்தான் ஆகிறது. பார்வைக்கு லட்சணமில்லை என்று கடையில் நான் ஒதுக்கி வைத்தேனே, அதேதான்.

அம்மாவுக்கு இப்போது அதுதான் செருப்பு. விரலிடுக்கில் வார் கிடையாது. அந்த வார் அறுத்துப் புண்ணானாலும் அவளுக்குத் தெரியாது. வார் பின்பக்கம் குதிகாலைச் சுற்றி வருகிறது. செருப்பு நழுவினாலும் தெரியாது அல்லவா? போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கிறாள். தூங்குமுன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறாள். உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் இருப்பார். "எனக்குச் சூடே தெரியாது" என்று அவர் பெருமையாகச் சொன்னால், தயவு செய்து என்னைப் போல் நீங்களும் சேர்ந்து பெருமைப்பட வேண்டாம்.

நம் ஊரில் சுற்றிப் பார்ப்பது என்றால் பாதி இடம் கோயில். பூட்டும் கயிறும் உள்ள ஷூவை ஒரு நாளில் ஐந்து தடவை கழற்றி மாட்டுவதற்குள் பிரயாணமே கசந்துவிடும். சட்டென்று கழலுகிற, ஆனால் குதியைப் பிடித்துக் கொள்ளுகிற செருப்பே உத்தமம். கழற்றிய பிறகு நடக்க வேண்டிய கல்லுக்கு, காலைப் பொழுதே நல்ல செருப்பு. திருவண்ணாமலையில் 14 கிலோ மீட்டர் வெறுங்காலில் கிரிவலம் போகிறவர்கள் பௌர்ணமி நிலவில் போகிறார்கள், பட்டப்பகலில் அல்ல. பெரிய கோயில்களில் தேங்காய் நார் விரிப்புப் போட்டுத் தண்ணீர் தெளிக்கிறார்கள். சின்ன ஊர்க் கோயிலில் யார் போடுவார்கள்? கெட்டியான பருத்திக் காலுறையோடு வரலாமா என்று கோயிலில் கேட்டுப் பாருங்கள். வயதானவர்களுக்கு நான் கேட்ட இடங்களில் மறுக்கவில்லை.

இந்தத் தை மாதம், "அந்தப் பெண்ணைச் சரியாகவே பார்க்கவில்லை" என்று அம்மா மறுபடியும் பனமலைக்குக் கிளம்பினாள். குருக்களிடம் முதல் நாளே சொல்லி வைத்து, காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைக் காலுறையை மாட்டிவிட்டேன். "கிரிக்கெட் ஆடப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்" என்று முணுமுணுத்தாள். அடிவாரத்தில் குனிந்து, புறங்கையைப் பாறையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஜில்லென்றிருக்கிறது, வா" என்றாள்.

சித்திரத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றாள். "ராஜா தலைக்குக் குடை பிடித்திருக்கிறான். காலுக்கு ஒன்றும் செய்யக் காணோம், பார்" என்றாள்.

இறங்கி வந்ததும், செருப்பை எடுத்து உள்ளே கையை விட்டுத் தடவினாள். கவிழ்த்துத் தட்டினாள். ஒரு பொடிக்கல் விழுந்தது. அதைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்து, "இதையும் எழுது" என்றாள்.